நூற்றொன்றாவது படம்

பெங்களூரில் இருக்கும் என் மகனுக்கு, இலஞ்சியிலிருந்து அப்பா எழுதுவது.

விடையைக் கடைசி வரியில் எழுதி அடியில் இரண்டு கோடு போடுங்கள் என்று முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்று விடையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் எனக்குத் தைரியம் போய்விடும். ஆவணி பிறந்ததும் நானும் அம்மாவும் உன் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரேயடியாக வந்துவிடுவதாக நீ ஏற்பாடு செய்திருக்கிறாய். நாங்கள் வரவில்லை. இந்த வீட்டை வாடகைக்கு விடுவதாகவும் இல்லை. என் பட்டியலில் இன்னும் இருபத்தெட்டுப் படங்கள் பாக்கி இருக்கின்றன. அவற்றை இதே வீட்டில், என் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து முடிக்கப் போகிறேன். அதற்கு உன் அனுமதியைக் கேட்கவில்லை. தகவலாகத் தெரிவிக்கிறேன்.

இவ்வளவு துணிச்சலாக நான் யாருக்கும் எழுதியதில்லை. இந்த வரிகளை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னங்க, எழுதியாச்சா, இல்ல திரும்பவும் கிழிச்சுப் போட்டாச்சா?" என்று கேட்கிறாள். இது நான்காவது தாள். முதல் மூன்றையும் ‘நீ தவறாக நினைக்கக் கூடாது’ என்று தொடங்கியிருந்தேன். நீ தவறாக நினைத்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு வந்து சேர எனக்கு மூன்று தாள்கள் பிடித்திருக்கின்றன.

இது உனக்கு மட்டும் வரும் கடிதமும் அல்ல. உன்னோடு படித்தவர்கள் நம் பள்ளியில் கூடப்போவது உனக்குத் தெரிந்திருக்கும். அன்று வெளியிடும் மலருக்கு ‘மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரின் அறிவுரை’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கேட்டார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். உன் வகுப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் படிப்பார்கள். அவர்கள் படிக்கத்தான் வேண்டும். ஏன் என்று மேலே படித்தால் தெரியும்.

பட்டியலைப் பற்றி முதலில் சொல்கிறேன். அந்த நீள நோட்டை நீ சிறு வயதில் பார்த்திருப்பாய், பழுப்பு அட்டை போட்டது. வீட்டு வரி ரசீது வைக்கும் நோட்டு என்று நினைத்திருப்பாய். நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது ஒரு நாள் மாலை வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி ஒரு வெளிநாட்டுப் படம் போட்டார்கள். படம் பாதியில் அறுந்துவிட்டது. அறுந்ததை ஒட்டுகிற நேரத்தில், வந்திருந்த பேச்சாளர் உலகத்தில் ஒரு மனிதன் சாவதற்குள் பார்க்க வேண்டிய படங்கள் என்று சிலவற்றைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். பிறகு பத்திரிகைகளில், நூலகத்தில், எங்கே ஒரு நல்ல படத்தின் பெயரைப் பார்த்தாலும் நோட்டில் சேர்த்தேன். வரிசை எண், பெயர், நாடு, பார்த்த தேதி, குறிப்பு என்று ஐந்து பத்தி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. நூறு ஆனதும் நிறுத்திவிட்டேன். நான் ஓய்வு பெற்ற அன்று நான்காவது பத்தியில் ஒன்பது தேதிகள்தான் இருந்தன.

நேரம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பயம்தான். தென்காசியில் வாத்தியார் சினிமாக் கொட்டகை வரிசையில் நின்றால் மறுநாள் கரும்பலகையில் அந்தப் படத்தின் பெயர் எழுதியிருக்கும். அதனால் எங்களிடையே சொல்லாமலே ஒரு ஏற்பாடு இருந்தது. தென்காசி வாத்தியார்கள் படம் பார்க்கச் செங்கோட்டைக்குப் போவோம். செங்கோட்டை வாத்தியார்கள் தென்காசிக்கு வருவார்கள். எதிரெதிர் பஸ்களில் ஜன்னலோரம் ஒருவரையொருவர் கடக்கும்போது இரண்டு தரப்பும் திடீரென்று வயலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஒரு தடவை இடைவேளையில் முறுக்கு வாங்கத் திரும்பினால் எனக்குப் பின்னால் எங்கள் தலைமையாசிரியரே நிற்கிறார். "பல் டாக்டரப் பாக்க வந்தேன்" என்றார். "நானும் அதுக்குத்தான் சார்" என்றேன். இருவரும் முறுக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்த் தனித்தனி மூலையில் உட்கார்ந்தோம்.

போன வருடம் நீ பெரிய தொலைக்காட்சியை வாங்கி மாட்டி, இணையத்தில் படம் பார்க்கும் உன் கணக்கிலேயே எனக்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தாய். அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். அன்றிலிருந்து காலை ஐந்து மணிக்குப் பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால் ஏழு மணிக்குப் பால்காரர் வருவதற்குள் ஒரு படம். நீள நோட்டில் தேதிகள் ஏறின. முதல் பத்துப் படங்களுக்கு விடைத்தாள் மாதிரி நூற்றுக்கு மார்க் போட்டேன், ஒன்றுக்கு ‘போதாது’ என்றுகூட எழுதினேன். பிறகு வெட்கமாகிவிட்டது. பாதிப் படங்கள் எனக்குப் புரியவில்லை, அதுதான் உண்மை. முப்பத்தெட்டாம் எண்ணில் ஒரு பெண் தன் கணவனைப் புதைத்துவிட்டு வருகிற வழியில் சிரிக்கிறாள். ஏன் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்தேன். அம்மாவையும் உட்கார வைத்துக் கேட்டேன். "அவனோட குப்ப கொட்டுனவளுக்குத்தான் தெரியும் ஏன் சிரிச்சான்னு" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். அதைத்தான் குறிப்புப் பத்தியில் எழுதி வைத்திருக்கிறேன். அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது, எந்தெந்த ஊரிலிருந்தோ சொந்தக்காரர்கள் குளிக்க வந்து இறங்குவார்கள். ஐம்பத்து நான்காம் எண்ணைத் தொலைக்காட்சியின் மேல் முனையில் யாரோ காயப்போட்ட ஈரத் துண்டின் கீழேதான் பார்த்தேன். கதாநாயகனுக்கு நெற்றியே இல்லை. ஆனாலும் நல்ல படம்.

இதெல்லாம் உன் கைப்பேசியில் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் எதைப் பார்த்தேன், எப்போது நிறுத்தினேன், எங்கே திரும்ப ஓட்டினேன் என்பதெல்லாம் பெங்களூரில் உட்கார்ந்து நீ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரே படம் ஒரு வாரத்தில் மூன்று தடவை. பேச்சே இல்லாத படம் ஒன்று, அதுவும் விடியற்காலையில். அப்புறம் பதினெட்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்த அறுபத்திரண்டாம் எண். அதில் ஒரு குடும்பம் ஆற்றில் குளிக்கிறது, அவ்வளவுதான். சீசனில் எந்த நாளும் மெயின் அருவிக்கரையில் பார்க்கக் கிடைக்காதது எதுவும் அதில் இல்லை. நீ எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஒரு விடைக்கு வந்துவிட்டாய்: அப்பாவுக்கு ஞாபகம் குழம்புகிறது, இனி தனியாக விடக்கூடாது. கணக்கு வாத்தியார் மகன்தான், ஆனால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கூட்டியிருக்கலாம்.

ஆனி மாதம் ஒரு காலை தொலைக்காட்சியைப் போட்டேன். என் கட்டத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு கரடிக்குட்டி கையசைத்துக்கொண்டிருந்தது. என் பேத்தியின் கட்டத்தில் என்னையும் சேர்த்திருக்கிறாய். அறுபத்து மூன்றாம் எண்ணைத் தேடினால், நான்கு இலக்க எண் கேட்டது, அது இல்லாமல் இந்தப் படம் உங்களுக்கானது அல்ல என்றது. எனக்கு வயது எழுபத்து நான்கு. உனக்குப் போன் செய்தேன். "அப்பா, டாக்டர் ஃப்ரெண்டுகிட்ட கேட்டுட்டேன். லைட்டா எதாச்சும் பாருங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையில்லாத பொழுதுபோக்குப்பா, மனசக் கெடுத்திரும்" என்றாய். சரி என்றேன். கோபமே இல்லாத குரலில், "சரிப்பா, நீ சொன்னாச் சரிதான்" என்றேன். பதினோரு நாள் கரடிக்குட்டி பார்த்தேன். அதையும் நோட்டில் குறித்திருக்கிறேன். தேன்கூட்டைத் திருடப் போய் அது ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது.

பன்னிரண்டாம் நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ள பூட்டுப் போட்டா அப்பன் கரடி பாக்காவ. நல்லா இருக்கு குடும்பம். நாளைக்கு அங்கன போனா எனக்கும் ஒரு கரடி குடுப்பான்லா?" என்றாள். நீ சொன்ன சொற்கள்தான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தன. தேவையில்லாத பொழுதுபோக்கு. மனதைக் கெடுக்கும். இவற்றை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று யோசித்து யோசித்து, குளித்துக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. கேட்கவில்லை, எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில், சிவப்பு மையில்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு ஏட்டையா வந்தார். போலீசில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும். நீ அவருக்குப் போன் செய்து, அப்பா வீட்டைப் பூட்டுகிறாரா, கேஸை அணைக்கிறாரா என்று கவனித்துச் சொல்லும்படி கேட்டாயாம். அவர் வந்து உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே, "சார்வாள், ஒங்களக் கண்காணிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதான் நேர்லயே வந்துட்டேன். ஒளிஞ்சு பாக்க இப்ப முட்டு வலிக்கி" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் கரடிக்குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "இதுக்கு முந்தியும் ஒரு தடவ ஒங்களக் கண்காணிச்சிருக்கேன், தெரியுமா?" என்றார். "செங்கோட்டைல எனக்கு ட்யூட்டி. ஒரு ஞாயித்துக்கிழம, பழைய படம் ஒண்ணு மறுபடி போட்டிருந்தான். ஓசிப் படம் பாக்கலாம்னு உள்ள போனா, வேகாத வெயில்ல ஒரு ஆளு தலையோட துண்டப் போத்திக்கிட்டு கடைசி வரிசைல உக்காந்திருக்கான். சந்தேகப்படும்படியான நபர்னு முடிவு பண்ணி பின்னாடியே வந்து நின்னேன். படம் முடிஞ்சு லைட்டு போட்டா, அந்த ஆளு துண்டால கண்ணத் தொடைக்கான். பாத்தா நம்ம கணக்கு சாரு."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். ஏட்டையா காபியை வைத்துவிட்டு, இந்த முறை சிரிக்காமல் கேட்டார்: "அடுத்த வாரம் அதே படத்துக்குத்தான ஒங்க மகன மேடையில ஏத்துனீக? அன்னைக்கு நீங்களும்லா ஏறியிருக்கணும் சார்வாள்?"

இருபத்தேழு வருடம் கழித்து ஒருவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதற்கான பதிலைத்தான் மலரில் அச்சடிக்கக் கொடுக்கிறேன்.

உனக்குப் பதினாறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செங்கோட்டையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ரயில்வே கேட் கீப்பரின் கதை. அவர் மகள் அவர் சொல்லைக் கேட்காமல் வீட்டை விட்டுப் போகிறாள். அவள் போகும் ரயில் அவருடைய கேட்டைத்தான் கடக்க வேண்டும், அவர் கையில்தான் பச்சைக் கொடி. அந்த வாரமே வெள்ளிக்கிழமை படப்பெட்டி தென்காசிக்கு வந்தது. நீயும் உன் சிநேகிதர்கள் இருவரும் மதிய வகுப்பை விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போனீர்கள். திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் மூவரும் மாட்டிக்கொண்டீர்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சார், சின்னப் பசங்க. ஒங்க பையன வீட்ல வச்சுக் கண்டிச்சுக்கிடுங்க, மத்தவங்கள நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவருக்கும் பல் டாக்டர் ஞாபகம் இருந்திருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் மகனுக்கு ஒரு சட்டம், ஊரான் மகனுக்கு ஒரு சட்டமா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் கடுமையாக இல்லாவிட்டால், என்னைச் செங்கோட்டையில் யாராவது பார்த்திருந்தால், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்களே என்று. என் நேர்மை என்று ஊர் சொன்னது அந்தப் பயத்தைத்தான். பன்னிரண்டு வரியில் மன்னிப்புக் கடிதம் ஒன்றை நானே எழுதினேன். ‘தேவையில்லாத பொழுதுபோக்கில் மனதைக் கெடுத்துக்கொண்டேன்’ என்பது அதில் எட்டாவது வரி. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மற்ற இருவரும் கைகட்டி நிற்க, நீ அதை வாசித்தாய். எட்டாவது வரியில் உன் குரல் உடைந்தது, குரல் மாறுகிற வயது. மொத்தப் பள்ளியும் சிரித்தது. நான் ஆசிரியர் வரிசையில் நின்று கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இதற்காக என்னிடம் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. நன்றாகப் படித்தாய், நல்ல வேலைக்குப் போனாய், எங்களை நன்றாக வைத்துக்கொண்டாய். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நீ என்னோடு உட்கார்ந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. தொலைக்காட்சியை மாட்டிய அன்றும் படம் ஓடத் தொடங்கியதும் போன் பேசுவது போல வெளியே போய்விட்டாய். நான் கவனித்தேன். கவனிக்காதது போல இருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஏட்டையா போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். கையமர்த்திவிட்டாள். "நீங்க செங்கோட்டைக்குப் போனது எனக்கு அன்னைக்கே தெரியும். சட்டையெல்லாம் பீடி நாத்தம். நீங்க பீடி குடிக்க தைரியம் உள்ள ஆளா என்ன?" என்றாள். தெரிந்தும் ஏன் அந்தத் திங்கட்கிழமை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "சொல்லியிருக்கணும். ஒங்க மானம் போயிருமேன்னு நெனச்சேன். பிள்ள மானத்த நெனைக்கல." அவள் அழுது நான் பார்த்து வெகு காலமாகிறது. நீ ஒவ்வொரு படமும் பார்த்துவிட்டு வந்ததும் அடுப்படியில் அவளுக்கு முழுக் கதையையும் நடித்துக் காட்டுவாயாமே, குதிரை முதல் வில்லன் வரை எல்லாமாகவும் நீயே நிற்பாயாமே. எனக்கு அது தெரியாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவாயாம். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு ஒரு கதையும் சொன்னதில்லை என்றாள்.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன். மறுநாள் தென்காசிக்குப் போய் என் பெயரில் புதிதாக இணைப்பு வாங்கினேன். மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, "தாத்தா, யாரு பேர்ல போடணும்? மகன் பேர்லயா?" என்று கேட்டாள். "என் பேர்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடவுச்சொல்லை நானே வைத்தேன். செய்ய வேண்டியவற்றைப் பதினான்கு படிகளாக நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, ஒன்பதாவது படியில் இரண்டு தடவை தவறு செய்து, கடைசியில் அறுபத்து மூன்றாம் எண்ணைப் போட்டுவிட்டேன். படம் சுமார்தான். ஆனால் அன்றைக்கு அது எனக்கு மிகப் பெரிய படம்.

அதற்கடுத்த வாரம் நீ அனுப்பிய தரகர், வீட்டைப் பார்க்க ஒரு தம்பதியை அழைத்து வந்தார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. நான் குடையோடு கேட்டருகில் போய் நின்றேன். "வீடு வாடகைக்கு இல்ல" என்றேன். தரகர், "ஒங்க மகன் சொல்லித்தான் சார் கூட்டியாந்தேன்" என்றார். "மகன் சொல்லியிருப்பான். வீட்டுக்காரன் நான் சொல்லுதேன்" என்றேன். சொல்லிவிட்டேன், ஆனால் ஒரு கையில் குடையோடு கேட்டின் கொண்டியைப் போட முடியவில்லை. வீடு பார்க்க வந்த பெண்தான் போட்டுக் கொடுத்தாள். பாவமாகப் போய்விட்டது, உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து அனுப்பினோம். அம்மா, "வெரட்டவும் தெரியல, காப்பி குடுக்காம இருக்கவும் தெரியல" என்றாள். ஆனால் அன்று மத்தியானம் எனக்குக் கூடுதலாக ஒரு அப்பளம் பொரித்தாள்.

நீ எங்கள்மேல் அக்கறையில் செய்தாய் என்பது எனக்குத் தெரியும். நானும் உன்னை அக்கறையில்தான் மேடையேற்றினேன் என்று இத்தனை வருடம் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். நமக்குள் இருக்கும் பயத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையான பெயர் அது. உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்பதை ஒளிந்திருந்து கைப்பேசியில் பார்க்காதே. பக்கத்தில் போய் உட்கார். புரியாவிட்டாலும் உட்கார். எனக்கும்தான் பாதி புரிவதில்லை. எங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போகும் நாள் வரும். அன்றைக்கு நானே உனக்குப் போன் செய்து வரச்சொல்வேன், அதில் வீம்பு பிடிக்க மாட்டேன். ஆனால் அந்த நாள் எது என்பதை என் படப் பட்டியலைக் கூட்டிப் பார்த்து நீ முடிவு செய்யக் கூடாது. ஞாபகத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் கேள், உன் மன்னிப்புக் கடிதத்தின் பன்னிரண்டு வரியையும் இப்போதே ஒப்பிக்கிறேன்.

மலர் போடும் பழைய மாணவர் சங்கத்துக்காரர்களிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். கடிதம் மலரில் வந்தால் மட்டும் போதாது. கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, நீ நின்ற அதே மேடையில், அதே கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று இதை நானே வாசிக்கப் போகிறேன். உன்னோடு கைகட்டி நின்ற இருவரிடமும் முன்வரிசையில் உட்காரும்படி கேட்டிருக்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. "எட்டாவது வரில ஒங்களுக்குக் கொரல் ஒடஞ்சா மிச்சத்த நான் வாசிக்கேன் சார்வாள், வாக்குமூலம் வாசிச்சுப் பழக்கம் எனக்கு" என்கிறார் ஏட்டையா. உடைந்தால் உடையட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கடைசி வரை நானேதான் வாசிப்பேன், துண்டு இல்லாமல்.

நேற்று நீள நோட்டை எடுத்து நூறுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டேன். நூற்றொன்று: கேட் கீப்பர் படம். பார்த்தும் இத்தனை வருடம் நோட்டில் ஏற்றாத ஒரே படம். நோட்டில்கூட எழுதப் பயந்திருக்கிறேன். அதை எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். எந்தக் கணக்கிலும் இல்லை. பெட்டி எங்கேயோ மக்கிப்போயிருக்கும். இப்போது அது உன் தலையிலும் என் தலையிலும்தான் இருக்கிறது.

நோட்டை நான் மூடும்போது அம்மா எட்டிப் பார்த்து, எந்தப் படம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ அவளிடம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாயாம். கேட் கீப்பராக நின்று, அவள் தோளில் கிடந்த பச்சைத் துணியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் ரயில் வருகிற சத்தம் வரை சொன்னாயாம். அப்போது நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். இருபத்தேழு வருடமாக அவளுக்கு அந்தக் கதை அந்த இடத்திலேயே நிற்கிறது. முடிவு தெரிந்த நான் அதே வீட்டில் அவளோடு தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வாயைத் திறந்தால் நான் பார்த்தது தெரிந்துவிடும் என்று திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன் என்றேன். "வேண்டாம். நீங்க சொன்னா கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். அவன் வந்து சொல்லட்டும்" என்கிறாள்.

ஆகவே ஆவணியில் நாங்கள் அங்கே வரவில்லை. நீ இங்கே வா. சாரல் இன்னும் பாக்கி இருக்கும். புதுக் கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்ல மாட்டேன், நான் தட்டும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் முதலில் அடுப்படிக்குப் போ. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வெளியே, செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேன். அம்மா இந்த நிமிடமும் கையில் கரண்டியோடு வந்து கேட்டுவிட்டுப் போகிறாள், "அந்த மனுஷன் கொடி காட்டுனாரா இல்லையா, அத மட்டுமாவது எழுதிக் கேளுங்க" என்று. நான் எழுதிக் கேட்கப் போவதில்லை. நீயே வந்து அவளிடம் சொல்.

அப்பா